குழந்தையின் முதல் ஆண்டுகள்: இடர்கள் சேரும் இடமும் சமூகப்பணியாளரின் இடமும்

சென்னையில் சமூகப்பணி முதுகலை படித்துக்கொண்டே களப்பயிற்சிக்கும் போய்வரும் மாணவி ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டிருந்தார்: "பிறந்தது முதல் ஆறு வயது வரையிலான குழந்தையின் வளர்ச்சியைக் கெடுக்கும் இடர்க் காரணிகளைப் பாடத்தில் பட்டியலாகப் படித்துவிட்டேன். களத்தில் மருத்துவமனை இருக்கிறது, அங்கன்வாடி இருக்கிறது, செவிலியர் வீடு தேடி வருகிறார். இவர்கள் எல்லோரும் இருக்கும்போது சமூகப்பணியாளராக நான் செய்வதற்கு அங்கே என்ன இருக்கிறது? முதல் நாள் ஒரு வீட்டுக்குள் போனால் எதைக் கேட்பது?" இந்த நகரத்தின் குடிசைப் பகுதிகளிலும் மறுகுடியமர்வுக் குடியிருப்புகளிலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவள் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பட்டியல் தவறில்லை. ஆனால் பட்டியலில் தனித்தனி வரிகளாக நிற்கும் இடர்கள், வீட்டுக்குள் ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டுதான் நுழைகின்றன. எடைக் குறைவு மருத்துவரின் கண்ணில் படுகிறது, வருகைப் பதிவு அங்கன்வாடி டீச்சரின் கண்ணில் படுகிறது, தடுப்பூசி அட்டை செவிலியரின் கண்ணில் படுகிறது, அப்பாவின் குடி காவல் நிலையத்தின் கண்ணில் படுகிறது. இந்த நான்கும் ஒரே குழந்தையைப் பற்றியவை என்று சேர்த்துப் பார்ப்பது இவர்களில் யாருடைய வேலைப் பட்டியலிலும் இல்லை. சமூகப்பணியின் இடம் அங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. மீதி எல்லாம் அதை விளக்குவதற்காக எழுதுபவையே.

முதல் ஆண்டுகளுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிறக்கும்போது பெரியவர்களின் மூளையில் கால் பங்கு அளவே இருக்கும் குழந்தையின் மூளை, இரண்டு வயது முடிவதற்குள் முக்கால் பங்கு அளவை எட்டிவிடுகிறது. கருவுற்ற நாளிலிருந்து இரண்டாவது பிறந்தநாள் வரையிலான ஏறத்தாழ 1000 நாட்களைத் தனியாகப் பிரித்துப் பேசுவது இதனால்தான். அந்த நாட்களில் மூளைக்கு இரண்டு தீனிகள் வேண்டும். ஒன்று இரும்புச் சத்தும் புரதமும் உள்ள உணவு. மற்றொன்று, குழந்தை "ங்கா" என்றால் முகம் பார்த்துத் திருப்பி "ங்கா" என்று சொல்ல ஒரு ஆள். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் உலக வங்கியும் சேர்ந்து 2018இல் வெளியிட்ட பேணி வளர்ப்பதற்கான வழிகாட்டுச் சட்டகம், உடல்நலம், ஊட்டச்சத்து, பாதுகாப்பு, கற்கும் வாய்ப்பு ஆகியவற்றோடு, குழந்தையின் குறிப்பறிந்து பதில் கொடுக்கும் வளர்ப்பையும் சம நிலையில் வைத்தது. இந்த ஐந்தில் கடைசியாகச் சொன்னதுதான் நம் ஊரில் எந்தப் பதிவேட்டிலும் ஏறாதது.

சில ஆண்டுகளுக்கு முன் நான் போன ஒரு வீட்டைச் சொல்கிறேன்; அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நகரத்தின் தெற்கு ஓரத்தில் ஒரு மறுகுடியமர்வுக் குடியிருப்பு, ஐந்தாவது மாடி, ஒரே அறையும் ஒரு சமையல் மூலையும். 19 மாதப் பையன் தரையில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு முன்னால் ஒரு சில்வர் டம்ளரில் சாய்த்து வைத்த கைப்பேசி ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கிண்ணத்தில் டீயில் நனைத்த பொறை. பாட்டி சுவரோரம் சாய்ந்திருந்தார்; சர்க்கரை நோயில் பார்வை மங்கியவர். நான் பையனின் பின்னால் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், திரும்பவில்லை. கைத்தட்டினேன், கொஞ்சம் தாமதமாகத் திரும்பினான். மேற்கையில் சத்துக் குறைவை அளக்கும் வண்ண நாடாவைச் சுற்றிப் பார்த்தால் 12.1 சென்டிமீட்டர். 12.5க்கு மேல் பச்சை, 11.5க்குக் கீழே சிவப்பு என்பது கணக்கு. இவன் நடுவில் மஞ்சளில் நின்றான். வலது காதுக்குக் கீழே காய்ந்த சீழின் தடம் இருந்தது.

அம்மா வேலையிலிருந்து வர மாலையாகும் என்றார்கள். நான் மறுபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் அவரைப் பார்த்தேன். "காலைல அஞ்சு மணிக்குக் கெளம்பணும்க்கா. இவன் கண்ணு முழிக்கிறதுக்குள்ள நான் பஸ்ல இருப்பேன்" என்றார். முன்பு ஆற்றோரத்தில் குடியிருந்தபோது அவர் வேலை பார்த்த நான்கு வீடுகளும் நடந்து போகும் தூரத்தில் இருந்தன. நடுவில் ஓடி வந்து பால் கொடுத்துவிட்டுப் போவார். இப்போது போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். கணவருக்குக் கோயம்பேட்டில் மூட்டை தூக்கும் வேலை. தூரம் காரணமாக வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டுக்கு வருவார், அந்த இரண்டு நாளும் குடித்திருப்பார். இடம் மாறிய பிறகு அந்தத் தாய்க்குத் தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, "புள்ளையத் தூக்கணும்னு கூடத் தோண மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு, சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டவர் போல வாயைப் பொத்திக்கொண்டார்.

இந்தக் குழந்தையைப் பற்றி அப்போதே நான்கு இடங்களில் நான்கு தாள்கள் இருந்தன. புறநோயாளிச் சீட்டில் "எடை குறைவு, சத்தான உணவு கொடுக்கவும்" என்று எழுதியிருந்தது. தடுப்பூசி அட்டை குறையில்லாமல் நிரம்பியிருந்தது. அங்கன்வாடியில் பெயர் பழைய முகவரியிலேயே கிடந்ததால், பழைய மையத்தில் வராத குழந்தை, புதிய மையத்தில் இல்லாத குழந்தை. வீட்டில் நடந்த சண்டை பற்றி அக்கம்பக்கத்தார் சொன்ன புகாருக்குக் காவல் நிலையத்தில் ஒரு ரசீது. எழுதியவர்களில் யாரும் கடமை தவறவில்லை. ஆனால் காது கேட்காததால் பேச்சு வரவில்லை, பேச்சு வராத குழந்தையிடம் யாரும் பேசவில்லை, பேசாத வீட்டில் கைப்பேசி பேசியது, அம்மாவின் மனச்சோர்வும் தூரமும் சேர்ந்து டீயும் பொறையும் மதிய உணவாயின என்ற தொடரை எந்தத் தாளும் சொல்லவில்லை.

இனி இடர்களை வகைப்படுத்திப் பார்க்கலாம். உடல் சார்ந்தவை பேறுகாலத்துக்கு முன்பே தொடங்குகின்றன: தாயின் ரத்த சோகை, மிக இளம் வயதுக் கர்ப்பம், அடுத்தடுத்த பிரசவம், குறைமாதம், 2.5 கிலோவுக்குக் குறைந்த பிறப்பு எடை, பிரசவத்தின்போது மூச்சுத் திணறல், பிறந்த வாரத்தில் கடும் மஞ்சள் காமாலை. தமிழ்நாட்டில் இந்தப் பகுதியை நாம் பெருமளவு சீர்செய்திருக்கிறோம். 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி இங்கே 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. அதே ஆய்வில்தான் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்கு ரத்த சோகை என்றும், ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களில் நான்கில் ஒருவர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர் என்றும், 14.6 விழுக்காட்டினர் உயரத்துக்கேற்ற எடை இல்லாத மெலிந்த குழந்தைகள் என்றும் இருக்கிறது. பிரசவ அறையின் கதவு வரை நம் கையில் பாதுகாப்பாக வந்த குழந்தையை, வீட்டுக்குப் போன பிறகு நாம் நழுவவிடுகிறோம் என்றுதான் இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் படிக்கிறேன்.

ரத்த சோகையைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் உண்டு. முதல் இரண்டு ஆண்டுகளில் இரும்புச் சத்துக் குறைந்தால் குழந்தையின் கவனமும் சுறுசுறுப்பும் குறைகின்றன. அப்போது ஏற்பட்ட பின்தங்கல், பிறகு மருந்து கொடுத்து ரத்தம் ஏறினாலும் முழுவதும் சரியாகாமல் போகலாம். உணவோடு டீ கொடுப்பது உள்ளே போகும் கொஞ்ச இரும்பையும் உடலில் சேரவிடாது. பால் வாங்கப் பணமில்லாத வீட்டில் டீ குழந்தையின் பசியை அடக்கும் பொருளாக இருக்கிறது என்பதையும் மறக்காமல் இதைச் சொல்ல வேண்டும்.

நம் மாநிலத்தில் அதிகம் காணப்படும் இன்னொன்று உறவுமுறைத் திருமணம். தாய்மாமனையும் அத்தை மகனையும் கட்டும் வழக்கம் இங்கே இன்றும் நான்கில் ஒரு திருமணத்தில் உண்டு. பிறவிச் செவித்திறன் குறைபாட்டுக்கு அது ஒரு காரணம். இதை ஒரு தாயிடம் குற்றச்சாட்டாகச் சொல்வதால் பயன் எதுவும் இல்லை. பிறந்த ஒரு மாதத்துக்குள் செவிப் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்குதல் என்ற காலக்கெடுவை அந்த வீட்டுக்குச் சொல்வதில்தான் பயன் இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குச் செவிச்சுருள் கருவி (காக்ளியர் இம்ப்ளான்ட்) பொருத்தும் அறுவை சிகிச்சை கிடைக்கிறது. இருந்தும் "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு" என்று மூன்று வயது வரை காத்திருந்த வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த வாக்கியத்தை எந்த வீட்டில் கேட்டாலும் அன்றே செவிப் பரிசோதனைக்கு நாள் குறியுங்கள்.

அடுத்தது தாயின் மனநிலை. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கு நம் குடும்பங்களில் பெயர் இல்லை. "உடம்பு அசதி", "பச்சை உடம்பு", "காத்துக் கருப்பு" என்று ஏதோ ஒன்றில் அடக்கிவிடுவார்கள். ஆனால் மனம் சோர்ந்த தாயின் குழந்தைக்கு எடையும் குறைகிறது என்பதை வேலூர் மாவட்டக் கிராமங்களில் நடத்தி 2004இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஏன் என்பதை நேரில் பார்த்தால் புரியும். ஊட்டுவது என்பது வாயில் சோற்றை வைப்பது மட்டுமில்லை. குழந்தை முகத்தைத் திருப்பினால் காத்திருந்து, கதை சொல்லி, மறுபடி ஒரு உருண்டை நீட்டும் அரை மணி நேரப் பொறுமை அது. சோர்ந்த மனத்தில் அந்த அரை மணி நேரம் இருப்பதில்லை. எடின்பரோ மனச்சோர்வு அளவீடு பத்தே கேள்விகள் கொண்டது, தமிழிலும் பயன்படுத்துகிறார்கள். எடை பார்க்கும் நாளில் தாயிடமும் அந்தப் பத்தைக் கேட்கும் வழக்கம் எல்லா மையங்களிலும் வரவேண்டும் என்று நான் பல கூட்டங்களில் கேட்டுவிட்டேன், இங்கும் கேட்கிறேன்.

வன்முறையைப் பற்றி எழுதும்போது கை தயங்கத்தான் செய்கிறது. அதே குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 38.1 விழுக்காட்டினர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த வீடுகளில் பலவற்றில் பாயில் ஒரு குழந்தை படுத்திருக்கிறது. "சின்னக் கொழந்தைக்கு என்ன தெரியும்" என்பார்கள். சொல் தெரியாது; ஆனால் கத்தலும் பாத்திரம் உருள்வதும் அம்மாவின் உடல் விறைப்பதும் அதன் நாடித் துடிப்பில் ஏறுகின்றன. எப்போதாவது வரும் அச்சம், தூக்கி அணைக்க ஒருவர் இருந்தால் தணிந்துவிடும். அணைக்க வேண்டியவரே அடிபடுகிறவராக இருந்து, அது வாராவாரம் நடந்தால், உடலின் அழுத்தச் சுரப்பிகள் ஓய்வதேயில்லை. தூக்கமும் கவனமும் கற்றலும் அதில் அடிவாங்குகின்றன. நான்கு வயதுப் பையன் அங்கன்வாடியில் எல்லோரையும் கடிக்கிறான் என்ற புகார் வந்தால், முதலில் அவன் வீட்டின் சனிக்கிழமை இரவைப் பற்றி விசாரியுங்கள்.

சென்னைக்கு என்று ஒரு தனி இடர் உண்டென்றால், அது தூரம். 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கம் என்று நகரத்தின் தென்முனைக்குக் குடும்பங்கள் அனுப்பப்பட்டன. 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து இன்னும் பலர் போனார்கள். சிந்தாதிரிப்பேட்டையில் இருந்தவருக்குப் பெரும்பாக்கம் 20 கிலோமீட்டருக்கும் மேல். வீடு உறுதியானதுதான்; மழை ஒழுகாத கூரை குழந்தைக்குப் பெரிய பாதுகாப்பு என்பதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஆற்றோரத் தெருவில் ஒரு தாய் வேலைக்குப் போனால், எதிர்வீட்டு ஆயாவும் பக்கத்து அத்தையும் குழந்தையைப் பார்த்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் வீடு ஒதுக்கும்போது அந்த எதிர்வீடு எங்கோ வேறு கட்டடத்துக்குப் போய்விட்டது. எந்த இழப்பீட்டுப் பட்டியலிலும் அந்த ஆயா வரவில்லை.

இங்கே காப்பகம் பற்றியும் சொல்லவேண்டும். 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனங்கள் குழந்தைகள் காப்பகம் வைக்கவேண்டும் என்று 2017இல் மகப்பேறு நலச் சட்டம் திருத்தப்பட்டது. வீட்டுவேலை செய்யும் பெண்ணுக்கு அதில் இடமில்லை. அவருக்கு நான்கு முதலாளிகள், நான்கு வீடுகள். 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் அங்கன்வாடி, தமிழ்நாட்டில் நல்ல முறையிலேயே நடக்கிறது. சிறு குழந்தைக்குச் சத்துமாவும், மையத்துக்கு வரும் குழந்தைக்குக் கலவைச் சாதமும் வாரம் மூன்று முட்டையும் கிடைக்கின்றன. ஆனால் கைக்குழந்தைக்கு அது பகல் முழுவதும் பார்த்துக்கொள்ளும் இடமாக இல்லை, காலை ஐந்து மணிக்கு அது திறப்பதும் இல்லை. மூளை மிக வேகமாக வளரும் இரண்டு ஆண்டுகளில்தான் உழைக்கும் தாய்க்கு எந்தக் கையும் இல்லை.

இந்த வகைகளைத் தனித்தனியே மனப்பாடம் செய்வதைவிட, ஒரு வீட்டில் எத்தனை சேர்ந்திருக்கின்றன என்று எண்ணுவது மேல். பிரிட்டனின் உளமருத்துவர் மைக்கேல் ரட்டர் வைட் தீவிலும் லண்டனின் உட்பகுதியிலும் பத்து வயதுக் குழந்தைகளை ஆராய்ந்தபோது ஆறு குடும்ப இடர்களை எடுத்துக்கொண்டார். ஒரே ஓர் இடர் மட்டும் உள்ள குழந்தைக்கு மனநலக் குறைபாடு வரும் வாய்ப்பு, எந்த இடரும் இல்லாத குழந்தையைவிடக் கூடுதலாக இல்லை. இரண்டு சேர்ந்தவுடன் அது நான்கு மடங்கானது. களத்தில் இருக்கும் நமக்கு இதைவிட ஆறுதலான கண்டுபிடிப்பு எனக்குத் தெரியாது. வறுமையை நம்மால் ஒழிக்க முடியாமல் போகலாம். ஆனால் ஐந்து இடர்கள் உள்ள வீட்டில் இரண்டைக் குறைத்தாலே அந்தக் குழந்தையின் நிலை மாறத் தொடங்கும்.

இடர் என்றால் விதி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எம்மி வெர்னர் என்ற ஆய்வாளர், ஹவாய்த் தீவுகளில் ஒன்றான காவாயில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை நாற்பது வயது வரை தொடர்ந்து பார்த்தார். இரண்டு வயதுக்குள்ளேயே நான்கும் அதற்கு மேலும் இடர்கள் சேர்ந்திருந்த குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாக வளர்ந்தார்கள். அவர்கள் வாழ்க்கையில் பொதுவாக இருந்தவற்றில் முக்கியமானது, பெற்றோரோ பாட்டியோ பக்கத்து வீட்டாரோ, விட்டுப்போகாத ஒருவர். நாம் வீட்டுக்குள் போகும்போது இடரைத் தேடும் அதே கண்ணால் அந்த ஒருவரையும் தேட வேண்டும்.

இப்போது உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிக்கு வருகிறேன். முதல் வேலை வீட்டுக்குப் போவது. ஒரு முறை போய்ப் படிவம் நிரப்புவதைச் சொல்லவில்லை, வாராவாரம் போவதைச் சொல்கிறேன். ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் 1986, 87இல் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. சிலருக்குச் சத்துணவு மட்டும், சிலருக்கு வாரம் ஒரு மணி நேரம் வீட்டுக்கு ஒருவர் வந்து தாயோடு சேர்ந்து குழந்தையை விளையாட வைப்பது, சிலருக்கு இரண்டும் என்று இரண்டு ஆண்டுகள் செய்தார்கள். போனவர்கள் பெரிய படிப்புப் படித்தவர்கள் இல்லை, சமூகச் சுகாதாரப் பணியாளர்கள்; பொம்மைகள் வீட்டில் கிடந்த டப்பாவிலும் துணியிலும் செய்தவை. இருபது ஆண்டுகள் கழித்து, விளையாட்டுப் பயிற்சி பெற்ற குழந்தைகள் பெறாதவர்களைவிட 25 விழுக்காடு கூடுதலாகச் சம்பாதித்தார்கள். சத்துணவு மட்டும் பெற்றவர்களிடம் அந்த நீண்டகாலப் பலன் தெரியவில்லை. சோறு போதாது என்று இதற்குப் பொருள் சொல்லிச் சோற்றைக் குறைத்துவிடக் கூடாது. சோற்றோடு ஒரு மனிதரும் வேண்டும் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அந்த 19 மாதப் பையன் வீட்டில் நாங்கள் செய்தது இதுதான். பாட்டிக்குப் பார்வை மங்கல், ஆனால் குரல் மங்கவில்லை. தாலாட்டும் கை வீசும் பாட்டும் அவரிடம் ஏராளமாக இருந்தன. "டம்ளரில் இருக்கும் போன் பாடுவதைவிட நீங்கள் பாடினால் அவன் உங்கள் வாயைப் பார்ப்பான்" என்று சொன்னோம். மூடியும் கிண்ணமும் கரண்டியுமே விளையாட்டுப் பொருட்களாயின. காதுச் சீழுக்கு எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனைக்கு அனுப்பினோம். அனுப்பினோம் என்றால் சீட்டு எழுதிக் கொடுத்ததைச் சொல்லவில்லை. முதல் தடவை எங்கள் பணியாளர் ஒருவர் பாட்டியோடும் பையனோடும் கட்டணமில்லாப் பேருந்தில் ஏறி, எந்த வரிசை, எந்த அறை என்று காட்டி, சீட்டில் அடுத்த தேதி எழுதும் வரை கூடவே நின்றார். வேறிடத்துக்கு அனுப்பும் குழந்தைகளில் எத்தனை பேர் உண்மையில் போய்ச் சேர்ந்தார்கள் என்பதைக் கணக்கு வையுங்கள். உங்கள் வேலையின் தரம் அந்த எண்ணில்தான் இருக்கிறது.

அங்கன்வாடிப் பதிவைப் புது மையத்துக்கு மாற்ற மூன்று நடை நடந்தோம். தாயோடு ஒரு மனநல ஆலோசகர் தொடர்ந்து பேசினார். குடியிருப்பில் வீட்டுவேலைக்குப் போகும் பெண்கள் ஞாயிறு மாலை கூடும் குழு ஒன்றில் அவரைச் சேர்த்தோம். அங்கே மற்றவர்கள் பேசியதைக் கேட்டு, தான் வேலை செய்யும் வீடுகளில் ஒன்றில் அவரே கேட்டு, காலை ஆறரை மணி வேலையை எட்டுக்கு மாற்றிக்கொண்டார். அந்த ஒன்றரை மணி நேரத்தில் பையனுக்கு முட்டையும் கீரைச் சோறும் அவர் கையாலேயே கிடைத்தன. எட்டு மாதம் கழித்து நாடா பச்சையைக் காட்டியது. பையன் "பாத்தி, பூனை, தா, போ" என்று இருபதுக்கு மேல் சொற்கள் சொன்னான். அப்பாவின் குடி மாறவில்லை. அதையும் எழுதித்தான் கோப்பை வைத்தோம்.

இணைப்பு வேலைக்குச் சட்டமும் திட்டமும் கைவசம் இருக்கவேண்டும். கர்ப்பம் பதிவாகும்போது கிடைக்கும் பிக்மி எண் இல்லாமல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியான 18,000 ரூபாயைப் பெற முடியாது. வேறு ஊரிலிருந்தோ வேறு பகுதியிலிருந்தோ வந்த கர்ப்பிணிகள் விடுபடுவது இங்கேதான். பிறவிக் குறைபாடு, சத்துக் குறைபாடு, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கையும் பிறந்ததிலிருந்து 18 வயது வரை கண்டறிய 2013இல் வந்த தேசிய சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கே வருகிறது. அந்த நாளில் உங்கள் குழந்தை மையத்தில் இருப்பதை உறுதி செய்வது உங்கள் வேலை. கணவரை இழந்தோ கைவிடப்பட்டோ தனியாக வளர்க்கும் தாய்க்கு, குழந்தைகள் பாதுகாப்புக்கான ஒன்றிய அரசுத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் கீழ் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு கேட்டு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்கலாம். குழந்தை ஆபத்தில் இருந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098.

ஆனால் 1098ஐ அழைப்பதும் குழந்தையை இல்லத்துக்கு அனுப்புவதும் ஒன்றில்லை. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமே, குழந்தையை இல்லத்தில் வைப்பதைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறது. ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் அனாதை இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளை வைத்து 2000களின் தொடக்கத்தில் தொடங்கிய ஆய்வு, குடும்பங்களில் வளர்க்கப்பட்டவர்கள் இல்லத்திலேயே இருந்தவர்களைவிட அறிவிலும் பாசப் பிணைப்பிலும் முன்னேறியதையும், இரண்டு வயதுக்கு முன்பே போனவர்கள் கூடுதலாகத் தேறியதையும் காட்டியது. ஏழ்மையைப் புறக்கணிப்பு என்று அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். சோறு இல்லாத வீடு வேறு, சோறு இருந்தும் குழந்தைக்குக் கொடுக்காத வீடு வேறு.

என் முதல் ஆண்டுகளில் நான் செய்த ஒரு தவற்றையும் சொல்லிவிடுகிறேன். வடசென்னையில் ஒரு வீட்டில் எடை குறைந்த பெண் குழந்தையைப் பார்த்துவிட்டு, அதன் தாயிடம் பருப்பு, முட்டை, பேரீச்சம்பழம் என்று ஒரு பட்டியலே சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். அடுத்த வாரம் போனபோது கதவு உள்ளே தாழிட்டிருந்தது. உள்ளே குழந்தையின் சிணுங்கல் கேட்டது. நான் மூன்று முறை தட்டிவிட்டுத் திரும்பினேன். இரண்டு மாதம் கழித்து அந்தக் குழந்தை நிமோனியாவோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது என்று கேள்விப்பட்டு ஓடினேன். குழந்தை பிழைத்தது. அந்தத் தாய் என்னைப் பார்த்து, "நீங்க சொன்னதெல்லாம் வாங்க முடியலக்கா, அதான் கதவத் தொறக்கல" என்றார். நான் போகாமல் இருந்திருந்தாலாவது அவர் வேறு யாரிடமாவது உதவி கேட்டிருப்பார். அதற்குப் பிறகு, வாங்க முடியுமா என்று தெரியாத எந்தப் பொருளின் பெயரையும் நான் எந்த வீட்டிலும் சொன்னதில்லை.

ஆகவே முதல் நாள் எதைக் கேட்பது என்ற உங்கள் கேள்விக்கு என் பதில்: படிவத்தைப் பையிலேயே வையுங்கள். தரையில் உட்காருங்கள். "நேத்து காலைல குழந்தை கண்ணு முழிச்சதுலேர்ந்து ராத்திரி தூங்குற வரைக்கும் யார் யார் கையில இருந்துச்சு?" என்று மட்டும் கேளுங்கள். ஆறு மணிக்கு அம்மா, ஏழுக்கு அக்கா பள்ளிக்குக் கிளம்பும் வரை, அப்புறம் பாட்டி, மதியம் பாட்டி மருந்து வாங்கப் போனபோது... என்று அவர்களே சொல்லிக்கொண்டு வருவார்கள். சாப்பாடும் தூக்கமும் கைப்பேசியும் சண்டையும் காய்ச்சலும் எல்லாம் அந்த நேரக்கணக்குக்குள் தானாகவே வந்துவிடும். சொல்லிக்கொண்டு வரும்போது ஓர் இடத்தில் பேச்சு நின்று, ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அந்த மணி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு அதற்கு மேல் கேட்க வேண்டாம். அடுத்த வாரம் அதே மணிக்கு அந்த வீட்டுக்குப் போங்கள்.